நமத்த திரி, இரண்டு எண்ணம்

இந்த நிகழ்ச்சிக்கு முன்னால் என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்துவிடுவது முறை. நான் இயற்பியலில் பட்டம் பெற்றவன். விருதுநகரில் சிவகாசி சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறை நடத்தியவன். பட்டறை என்பது ஊரார் சொல். பெயர்ப்பலகையில் 'நிலையம்' என்றே எழுதியிருந்தேன். என்னிடம் வேலைக்கு வந்த எவரும் என்னை மேஸ்திரி என்று அழைத்ததில்லை. சார் என்றே அழைத்தார்கள்.

ஆமத்தூருக்கு அப்பால் நாரணாபுரம் வரையிலும் உள்ள பட்டாசுக் கம்பெனிகளில், லோடு ஏற்ற வரும் வண்டி எதுவானாலும் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். சைலன்சரில் தீப்பொறி தடுக்கும் வலை இருக்கிறதா, பாட்டரி முனைகள் மூடியிருக்கின்றனவா, வயர் எங்காவது தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். என் கையெழுத்திட்ட அட்டை உள்ள வண்டிக்கு மட்டும் வயரிங் சோதனை கிடையாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதன்று. என் வேலையின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. அட்டையில் ஒரே வரிதான் இருக்கும்: 'வயரிங் சரிபார்க்கப்பட்டது.' கீழே என் கையெழுத்து. கையெழுத்துக்குப் பின் என் பட்டம்.

அந்த ஒரு வரியோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திராது.

வேலை

இரண்டாயிரமாவது ஆண்டுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம், தங்கவேல் அண்ணாச்சி தம் புதிய பிக்கப் வண்டியுடன் வந்தார். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். கோயில் திருவிழாக்களுக்கு வாணவேடிக்கை ஆர்டரும் எடுப்பார். வண்டியின் கேபினுக்குப் பின்னால், வளைத்த தடித்த குழாய் ஒன்று இரு காலூன்றி நின்றது. ரோல் பார் என்பார்கள். அதன்மேல் நான்கு விளக்குகள் பொருத்த வேண்டும், முன்னோக்கி இரண்டு, பின்னோக்கி இரண்டு என்றார்.

"அலங்காரத்துக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அலங்கார வேலை செய்வதில்லை என்பது என் கொள்கை.

"அலங்காரமா? போன வருசம் திருவிளா முடிஞ்ச மறுநாக் காலைல, ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு வெடிக்காத குண்டைக் கையில தூக்கிக்கிட்டு கோயில் ஆபீசுக்கே வந்துட்டாரு சார். மேசையில வச்சு, 'இது உங்களதா பாருங்க'ங்காரு. எனக்கு உசுரே போயிருச்சு. இந்த வருசம் கமிட்டிக்காரங்க கண்டிசனாச் சொல்லிட்டாக. வேடிக்கை முடிஞ்ச கையோட பொட்டல் பூராம் லைட்டை அடிச்சு, விழுந்ததையெல்லாம் பொறக்கிறணும். லைட்டு வண்டி வந்தாத்தான் ஆர்டர். இல்லேன்னா வேற கம்பெனி."

இது பாதுகாப்பு வேலை. ஒப்புக்கொண்டேன்.

ஐம்பத்தைந்து வாட் விளக்குகள் நான்கு. நான்கையும் ஒரே வயரில் இழுத்தால் பதினெட்டு ஆம்பியருக்கு மேல் போகும். ஆகவே முன்னோக்கிய இரண்டையும் ஒரு லைனாகவும், பின்னோக்கிய இரண்டையும் இன்னொரு லைனாகவும் பிரித்தேன். முழு மின்சாரமும் சுவிட்ச் வழியாகப் போகாமலிருக்க லைனுக்கு ஒரு ரிலே. லைனுக்கு ஒரு பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். குழாயில் துளையிட்ட இடமெல்லாம் ரப்பர் புஷ் வைத்துத்தான் வயரை உள்ளே விட்டேன். துளையின் விளிம்பு கத்தி போன்றது. ஓடும் வண்டியின் அதிர்வில் வயரின் தோலைச் சீவிவிடும். செப்புக்கம்பி குழாயைத் தொட்டால் தீதான். அப்போது லைனை வெட்டிவிடுவதற்காகவே ஃபியூஸ். இளைய எலெக்ட்ரிஷியன்கள் இதை மட்டும் மறக்காமலிருந்தால் போதும்.

வேலை எனக்கே மனநிறைவாக அமைந்தது. அதனால்தான் அட்டையை அன்று விரிவாக எழுதினேன். நல்ல கறுப்பு மையில், திருத்தமான எழுத்தில் எழுதி, ரோல் பாரின் காலில் கட்டினேன். நான் எழுதியது அப்படியே இது:

'கூடுதல் விளக்கு 4. ரிலே 2. பானெட்டுக்குள் ஃபியூஸ் 2 வைக்கப்பட்டுள்ளது. அளவு மீறினால் தானே எரிந்துவிடும். யாரும் கை வைக்க வேண்டாம்.'

ஒவ்வொரு சொல்லும் சரி. இன்றும் அதில் ஒரு சொல்லை நான் தவறென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேட்டில்

திருவிழா அன்று காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி வந்தது. அண்ணாச்சி கம்பெனியின் போர்மேன் குருசாமி பேசினார். சத்தமாகப் பேசினால் வண்டிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் மெல்லப் பேசினார்.

"சார், நீங்க வச்ச ஃபியூச நீங்களே வந்து எடுத்துருங்க."

"எதற்கு எடுக்க வேண்டும்?"

"ஆளுகளப் பூராம் பின்கேட் வளியா வெளிய அனுப்பிட்டேன். டிரைவரு எங்கன இருக்கான்னே தெரியல. சீக்கிரம் வாங்க."

பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பகுதியில் ஃபியூஸ் என்றால் திரி. பற்றவைத்தால் நெருப்பைக் கொண்டுபோய் வெடிமருந்தில் சேர்ப்பது. திரி செய்யும் அறைக்கே அங்கு ஃபியூஸ் ரூம் என்றுதான் பெயர். முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்த ஒரு போர்மேன், வெடி ஏற்ற வந்த வண்டியில், இரண்டு திரி வைக்கப்பட்டிருப்பதாகவும் அவை தாமே எரியும் என்றும் யாரும் கைவைக்க வேண்டாம் என்றும், என் கையெழுத்துடன் படித்திருக்கிறார்.

கேட்டுக்கு ஐம்பது அடி முன்னால், கொதிக்கும் வெயிலில், பிக்கப் தனியாக நின்றது. கதவு திறந்தபடி கிடந்தது. சற்றுத் தள்ளி மணல் வாளிகள் ஆறு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மண்மேட்டுக்குப் பின்னால் அறுபது தலைகள் தெரிந்தன. அந்த அறுபது தலைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

கேட் வாட்ச்மேன் வழக்கப்படி மரத்தட்டை நீட்டினார். உள்ளே போகிறவர்கள் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் அதில் போட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் செல்போனைப் போட்டேன்.

"குருசாமி, அது உங்கள் ஃபியூஸ் அன்று. கரண்டு ஃபியூஸ். நெருப்பு வராமல் தடுப்பது."

"தானே எரியும்னு எளுதியிருக்கீகளே சார்."

"எரியும். எரிந்தால்தான் தடுக்கும்."

குருசாமி தலையை ஆட்டினார். "சார், நான் படிக்காதவன். ஆனா எரியிறது தடுக்கும்னு இந்த வேலையில ஒருத்தன் சொன்னான்னா, அவன நான் மறுநா வேலைக்கு எடுக்க மாட்டேன்."

சொல்தான் சிக்கல் என்று எண்ணினேன். பாடநூலில் ஃபியூஸுக்கு நல்ல தமிழ்ச்சொல் உண்டு. வண்டிக்குப் போய் அட்டையை அவிழ்த்து வந்து, 'ஃபியூஸ்' என்பதை அடித்துவிட்டு 'உருகி' என்று எழுதிக் காட்டினேன்.

குருசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார். "உருகி. எது உருகும்?"

"உள்ளே ஒரு மெல்லிய கம்பி."

"எதுல உருகும்?"

"சூட்டில்."

"சூடு எங்கருந்து வரும்?"

நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன். அவர் ஏழாவது மணல் வாளியைக் கொண்டுவரச் சொன்னார்.

இதற்குள் அண்ணாச்சி காரில் வந்து சேர்ந்தார். இரண்டு மணிக்குள் லோடு கிளம்ப வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே கோயில் பொட்டலில் குழி தோண்டி, குண்டு விடும் குழாய்களைப் புதைக்க வேண்டும். அவர் என்னைத் தனியே அழைத்துப்போனார்.

"சார், ஒரு நாளைக்குத்தான. அந்தச் சனியனக் களட்டிப் போட்டுட்டு, வயர நேரா குடுத்துருங்க. நாளைக்கு வந்து மாட்டிக்கிடலாம்."

"நேராகக் கொடுக்க முடியாது அண்ணாச்சி."

"ஏன் முடியாது? உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"பின்னால் நீங்கள் ஏற்றப்போவது வெங்காயம் அன்று. வயர் எங்காவது உரசினால் வண்டியே திரியாகிவிடும். ஃபியூஸ் இல்லாத வண்டி என் கையெழுத்தோடு போகாது."

"ஃபியூசு இருந்தா அவன் உள்ள விட மாட்டேங்கான். ஃபியூசு இல்லேன்னா நீங்க வெளிய விட மாட்டேங்கீக. நான் என்ன குண்டைத் தலையில சுமந்துக்கிட்டா போக?"

அவர் கேட்டது நியாயமே. ஆயினும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் நேராகக் கொடுத்தால் வண்டி ஆபத்தானது. கொடுக்காவிட்டால் அண்ணாச்சிக்கு ஆர்டர் போகும். என் அட்டையோடு வந்த வண்டியைத் திருப்பியனுப்பினார்கள் என்ற செய்தி மாலைக்குள் எல்லாக் கேட்டுகளுக்கும் போகும். இருபத்திரண்டு ஆண்டு நம்பிக்கை அத்துடன் முடியும்.

"குருசாமி, உங்கள் கண் முன்னாலேயே ஒன்றை எரித்துக் காட்டுகிறேன்," என்றேன்.

அரை மணி நேரம்

ஒரு நல்ல போர்மேன் எப்படி ஏற்பாடு செய்வார் என்பதை அன்றுதான் பார்த்தேன். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. பெயர் கூப்பிட்டு ஆட்களை எண்ணினார். எல்லாரையும் மேட்டுக்குப் பின்னால் குனியச் சொன்னார். அண்ணாச்சியையும் குனியச் சொன்னார். அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் கம்பெனி ஆட்களுக்கு நடுவில் குனிந்தார். வண்டி காலியாக இருந்தது. சுற்றிலும் வெறும் பொட்டல். இருந்தும் அறுபது பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் தனியாக வண்டிக்கு நடந்து போனேன். சுவிட்சைப் போட்டேன். முன்னோக்கிய விளக்குகள் இரண்டும் எரிந்தன. மேட்டுக்குப் பின்னால் யாரோ "ஏ ஆத்தீ" என்றார்கள். ஒரு விளக்கின் கனெக்டரைக் கழற்றி, வயர் நுனியை ரோல் பாரில் தொட்டேன். சிறு பொறி ஒன்று தெறித்தது. மற்ற விளக்கும் அணைந்தது.

அவ்வளவுதான். எதிர்பார்த்தபடி மிகச் சரியாக நடந்தது. இயற்பியல் தவறவில்லை.

மேட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. காதிலிருந்து கையை யாரும் எடுக்கவில்லை.

"ஆயிற்று," என்றேன் உரக்க.

குருசாமியின் தலை எழுந்தது. "எங்க சார்? சத்தம் வரலையே!"

"சத்தம் வராது. ஃபியூஸ் போய்விட்டது."

"எங்க போச்சு?"

"எரிந்துவிட்டது!"

"புகையவே காணோமே! ஐயையோ, நமத்துப் போச்சு! சார், கிட்ட நிக்காதீக! நமத்தது நின்னு வெடிக்கும்! இங்கிட்டு வாங்க!"

நமத்துப்போவது என்றால் அங்கே ஈரம் பிடித்து எரியாமல் போவது. அப்படிப் போன வெடியருகே அரை மணி நேரத்துக்கு எவரும் போகக்கூடாது என்பது அவர்கள் விதி. நல்ல விதி. ஆனால் என் ஃபியூஸுக்கும் அதைப் பொருத்தினார்கள். நான் வண்டியிலிருந்து மேட்டுக்கு நடந்து வந்தேன். நடந்து வந்தேன் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, எரிந்து முடிந்துவிட்ட ஒரு ஃபியூஸ் வெடிப்பதற்காக, அறுபது பேருடன் நான் அரை மணி நேரம் காத்திருந்தேன். உட்காரக் கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்று தந்தார்கள். பக்கத்தில், ஃபியூஸ் ரூமில் திரி வெட்டும் முத்துலட்சுமி தூக்குவாளியைத் திறந்து மோர் ஊற்றிக் கொடுத்தார்.

"குடிங்க சார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருக்கீக. ஒண்ணு கேக்கட்டுமா? உங்க திரி எரிஞ்சா அடுத்ததுக்குத் தீ குடுக்குமா, குடுக்காதா?"

இதுதான் சரியான கேள்வி என்பதைக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

"கொடுக்காது அம்மா. அதோடு எல்லாம் நின்றுவிடும்."

"தீ குடுக்காதுன்னு தெரிஞ்சேதான் வச்சீகளா?"

"அதற்காகவே வைத்தேன்."

அவர் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏ, கேட்டீகளா? சாரு வேணும்னேதான் நமத்த திரியா வச்சிருக்காரு. நாம நமத்த திரி வெட்டுனா போர்மேன் சம்பளத்தப் பிடிக்காரு. சாருக்குக் கூப்பிட்டுக் காசு குடுக்காக!"

மேடே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். நான் மோரைக் குடித்தேன்.

அரை மணி முடிந்ததும் குருசாமியும் நானும் வண்டிக்குப் போனோம். பானெட்டைத் திறந்து, எரிந்த ஃபியூஸைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். நீல நிறப் பிளாஸ்டிக், நகத்தளவு. அவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"மருந்தே இல்லையே சார்."

"இல்லை."

"அப்போ இது நமத்த திரிதான். சரி, உள்ள விடலாம்."

முடிந்தது என்று நினைத்துப் பையிலிருந்து புதிய ஃபியூஸை எடுத்தேன். குருசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது எரிஞ்சதா?"

"இல்லை. புதியது."

"அப்போ இது நல்ல திரி. நல்ல திரியோட வண்டி உள்ள போகாது."

எரிந்தது இருந்தால் விளக்கு எரியாது. எரியாதது இருந்தால் வண்டி போகாது. இரண்டாவது லைனின் ஃபியூஸும் இன்னும் எரியாமல் பானெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. மணி ஒன்றேகால். அண்ணாச்சி காரின் பானெட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அப்போதுதான், காலையிலிருந்து காணாமற்போயிருந்த டிரைவர் மாரியப்பன் வேலிக்கருவை மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"ஏலே, இம்புட்டு நேரம் எங்கன கெடந்த?" என்றார் குருசாமி.

"இங்கனதான் இருந்தேன், மறைவா. அண்ணாச்சி, நாங்க பீடி, தீப்பெட்டி எல்லாம் தட்டுல போட்டுட்டுத்தான உள்ள போறோம்? வெளிய வரயில வாங்கிக்கிடுதோம்ல. அந்தத் திரியையும் களட்டித் தட்டுல போட்டுட்டுப் போனா என்ன?"

அண்ணாச்சி பானெட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

ஃபியூஸைக் கழற்றிவிட்டால் அந்த லைனில் மின்சாரமே இல்லை. வெடிமருந்து உள்ள இடத்தில் அதைவிடப் பாதுகாப்பான நிலை கிடையாது. வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டால் போதும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. 'கை வைக்க வேண்டாம்' என்று நானே எழுதியிருந்ததுதான் காரணமாக இருக்கலாம்.

பழுதில்லாத ஃபியூஸ்கள் இரண்டும் மரத்தட்டில், ஒரு கட்டுப் பீடிக்கும் என் செல்போனுக்கும் நடுவில் வைக்கப்பட்டன. மாரியப்பன் டோக்கன் வாங்கிக்கொண்டு வண்டியை உள்ளே ஓட்டினார். இரண்டு மணிக்கு லோடு வெளியே வந்தது. ஃபியூஸ்களை நானே மாட்டி, நான்கு விளக்குகளையும் எரியவிட்டுப் பார்த்து அனுப்பினேன்.

அதற்குமுன் கேட் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குருசாமி எழுதியிருந்தார்: 'பிக்கப் 1. லைட்டு 4. நமத்த திரி 2 எண்ணம், கேட்டில் வைத்தது.' நான் திருத்தச் சொன்னேன். அண்ணாச்சி கடிகாரத்தைக் காட்டினார். கையெழுத்திட்டேன். பட்டத்தை எழுதவில்லை.

பின்னர்

வாணவேடிக்கை நடந்தது. அந்த வெளிச்சத்தில் வெடிக்காத குண்டுகள் எட்டைப் பொறுக்கியதாக அண்ணாச்சி சொன்னார். ஆடு மேய்ப்பவர் யாரும் கோயில் ஆபீசுக்கு வரவில்லை. மறு ஆண்டும் ஆர்டர் அவருக்கே கிடைத்தது.

என் அட்டைக்கு மதிப்புக் குறையவில்லை. வேறு வகையில் கூடிவிட்டது. என் அட்டையுடன் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போன லாரியை, "நமத்த திரி எங்க? அதக் குடுக்காம உள்ள விட மாட்டோம்" என்று கேட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாத டிரைவர் ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனார். திரும்ப வாங்க மறந்து, ஹாரன் அடிக்கவில்லை என்று மறுநாள் என்னிடமே வண்டியைக் கொண்டுவந்தார்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வண்டியில் நீங்கள் கட்டும் அட்டையைப் படிக்கப்போகிறவர் உங்கள் பேராசிரியர் அல்லர். படிக்கிறவரின் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். ஃபியூஸை மட்டும், யார் சொன்னாலும், எத்தனை மணியானாலும், விட்டுவிட்டு வயரை நேராகக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். நாரணாபுரம் டீக்கடைகளிலும், எங்கள் தொழில் செய்பவர்கள் கூடும் இடங்களிலும், 'சார் வைத்த ஃபியூஸ் நமத்துப்போனது. அதைப் பார்த்து சாரே ஓடிவந்தார்' என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஃபியூஸ் நமக்கவில்லை. எரிந்தது. நான் ஓடவில்லை. நடந்தேன்.